"அக்கா, நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?"

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று சுருக்கித் திருப்பிச் சொல்கிறேன். உங்களுக்கு 34 வயது. அப்பா தவறி மூன்று வருஷம். அண்ணா கனடாவில், தம்பி சுவிஸில். ஐந்து அறை வீட்டில் நீங்களும் அம்மாவும் மட்டும். ஒப்பந்த வேலை தை மாதத்தோடு முடிகிறது, நீடிப்பார்களா என்று சொல்வார் இல்லை. லண்டனில் பேசிவந்த சம்பந்தம் ஒன்று சத்தமில்லாமல் நின்றுபோனது. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறீர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் கண்ணீரோடு பாடுகிறார்கள், உங்களுக்கு உள்ளே ஒன்றும் நடப்பதில்லை. அதைச் சபையில் ஒருவரிடம் சொன்னபோது, "உமக்கு விசுவாசம் காணாது, உபவாசமிருந்து ஜெபியும்" என்றாராம். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வி: "அக்கா, நான் விசுவாசத்தை இழந்துவிட்டேனா?"

இல்லை.

ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல்லையே பாருங்கள். ஊரில் 'விசுவாசம்' என்று எதைச் சொல்கிறோம்? வாசலில் படுத்துக்கிடக்கிற நாய்க்குச் சொல்கிறோம். முதலாளி நொடித்துப்போன பிறகும் விடிய வந்து கடையைத் திறந்து கூட்டுகிற வேலைக்காரனுக்குச் சொல்கிறோம். 'அவன் விசுவாசமாக இருந்தான்' என்றால் அவன் நெஞ்சு எந்நேரமும் உருகிக்கொண்டிருந்தது என்று ஒருவரும் எடுப்பதில்லை. விட்டுவிட்டுப் போகவில்லை என்றுதான் எடுப்போம். கோயிலுக்குள் கால் வைத்ததும் இந்தப் பொருள் எங்களுக்கு மறந்துபோகிறது. கண்ணீரையும் மெய்சிலிர்ப்பையும் விசுவாசம் என்று எண்ணத் தொடங்குகிறோம். உள்ளே ஒன்றும் அசையாமலே மூன்று வருஷமாக அந்த வாங்கில் போய் இருக்கிறீர்களே, அதற்கு என்ன பெயர் என்று நினைக்கிறீர்கள்?

நான் போதகர் இல்லை. பள்ளிக்கூடத்தில் கிறிஸ்தவ பாடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அம்மா வழியில் கத்தோலிக்கம், கட்டினது தென்னிந்தியத் திருச்சபைக்காரரை. அதனால் என் வீட்டில் செபமாலையும் ஞானப்பாட்டுப் புத்தகமும் ஒரே அலுமாரியில் இருக்கும். கதை இரண்டு பக்கமும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த "விசுவாசம் காணாது" என்றவரைப் பார்த்து முடிப்போம். வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து கிடந்த யோபுவைப் பார்க்க வந்த மூன்று சிநேகிதரும் தொடக்கத்தில் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள். எங்கள் செத்தவீடுகளில் அயலவர்கள் வந்து பாயில் சும்மா இருப்பார்களே, அதுபோல. பிறகு வாய் திறந்தார்கள், எல்லாம் கெட்டது. உன்னில் ஏதோ பிழை இருக்கிறது, அதைத் திருத்து என்று அதிகாரம் அதிகாரமாகச் சொன்னார்கள். கடைசியில் கடவுள் யாரில் கோபித்தார்? முறையிட்ட யோபுவில் இல்லை. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை" என்று அந்தச் சிநேகிதரில்தான். 42ஆம் அதிகாரம், 7ஆம் வசனம். இதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

இனி நான் உண்மையில் சொல்ல விரும்புகிற கதை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தினார்கள். குருவுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று கட்டளை போட்டார்கள். கோயில்கள் அவர்களுடைய சீர்திருத்த (புரட்டஸ்தாந்து) சபையின் கைக்குப் போயின. (போதகர் குடும்பத்துப் பிள்ளையான என் கணவரிடம், "எங்களை அடைத்தது உங்கட ஆக்கள்தானே" என்று இதை வைத்தே நான் பகிடி விடுவது வழக்கமாக இருந்தது.) அதற்குப் பிறகு 1687இல்தான் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் வந்து சேர்ந்தார், பிச்சைக்காரக் கோலத்தில், வயிற்றோட்ட நோயோடு. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். அதைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பார். அப்படித்தான் எங்கள் மக்களைக் கண்டுபிடித்தார். சில்லாலை ஊர்க்காரர் அவரை ஒளித்து வைத்தார்கள். 2015 தை மாதம் கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது இந்தக் கதை எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆனால் எல்லாரும் வந்தவரைப் பற்றித்தான் எழுதினார்கள். அவருக்காகத் தெரியாமலே காத்திருந்தவர்களைப் பற்றி எழுதினவர் குறைவு.

29 வருஷம், தங்கச்சி. பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகக் கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. ஒல்லாந்தர் வந்த வருஷம் பிறந்த பிள்ளை வளர்ந்து, கட்டி, பிள்ளை பெற்று, ஒரு குருவின் முகத்தையும் காணாமல் இருந்திருக்கும். யாரோ வருவார் என்று அவர்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. கையில் இருந்தது மனப்பாடம் மட்டும். பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தது. அவர்கள் ஒவ்வொரு பொழுதும் நெஞ்சுருகிச் செபித்திருப்பார்கள் என்று பிரசங்கங்களில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்து களைத்தவர்கள். பெரும்பாலான இரவுகளில் அரைத் தூக்கத்தில், கொட்டாவி விட்டுக்கொண்டு, சின்னவன் நுள்ளுகிறான் என்று இடையில் ஏசிக்கொண்டு முணுமுணுத்திருப்பார்கள். அந்த முணுமுணுப்புத்தான் 29 வருஷம் தாங்கியது. செபமாலையைக் கண்டதும் முகம் மாறியதும் அதனால்தான்.

ஆகவே என் முதல் ஆலோசனை: சொந்தமாக வார்த்தை தேடிச் செபிப்பதைக் கொஞ்சக் காலம் விட்டுவிடுங்கள். வறண்ட கிணற்றில் வாளியை விட்டு விட்டு இழுத்தால் கை உளைவதுதான் மிச்சம். மற்றவர்கள் எழுதி வைத்ததை எடுங்கள். சங்கீதம் ஒன்று விடிய, ஒன்று பொழுதுபட. வாய்விட்டு வாசியுங்கள், மனதுக்குள் வேண்டாம். மனம் எங்கேயும் ஓடட்டும், வாய் வாசிக்கட்டும். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று முறைப்பாடு. நாங்கள் அவற்றைப் பாடுவதில்லை, 23ஐயும் 121ஐயும் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." பிறகு 88க்குப் போங்கள். மற்ற முறைப்பாடுகள் பெரும்பாலும் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்பாது. சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக்கினீர் என்று சொல்லி, அப்படியே இருட்டில் முடிந்துவிடும். அதையும் வேதம் என்று சேர்த்துக் கட்டினார்களே, அவர்களுக்கு நான் எந்நாளும் நன்றி சொல்வேன்.

எங்களுடைய பழைய ஆராதனை ஒழுங்குகளுக்கும் இந்தக் குணம் உண்டு. புத்தகத்தில் உள்ளதைக் குரு சொல்ல, சபை மறுமொழி சொல்லும். சலிப்பாக இருக்கிறது என்று இளம் ஆட்கள் கைத்தாளமும் ட்ரம்ஸும் உள்ள இடத்துக்குப் போகிறார்கள். போகட்டும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களைப் போல உள்ளே காய்ந்துபோன காலத்தில், 'இப்ப நீ உணர்ச்சிவசப்பட வேணும்' என்று எதிர்பார்க்காத ஆராதனை ஒரு பெரிய உபகாரம். ஒரு மாதம் போய்ப் பாருங்கள்.

அடுத்தது எனக்கே கஷ்டமானது, சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். 1995 ஆடி 9, யாழ்ப்பாணத்து நவாலி. ஷெல்லுக்குப் பயந்து இடம்பெயர்ந்து சென்பீற்றேர்ஸ் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் விமானக் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கோயில் என்று நம்பி ஓடிவந்த இடத்தில். அடுத்த கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், அவைக்கு விசுவாசம் காணாமலே செத்தவை?" என்று கேட்டாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன், மணி அடிக்கும் வரைக்கும். ஐப்பசி 30ஆம் திகதி நாங்கள் எல்லாரும் இடம்பெயர்ந்து ஊரை விட்டு நாவற்குழிப் பாலத்தால் மழைக்குள் நடந்தபோதும் அந்தக் கேள்வி என்னோடு வந்தது. இன்றைக்கும் பதில் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒருவரைப் பார்த்தும், உமக்கு விசுவாசம் காணாது என்று நான் சொன்னதில்லை. விசுவாசம் குண்டுக்குக் குடை இல்லை. வேலை ஒப்பந்தத்தை நீடித்துத் தருகிற கடிதமும் இல்லை. 'விசுவாசித்தால் நடக்கும்' என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால், நடக்காமல் போகிற அன்றைக்கு உங்களைத் தனியே விடப்போகிறவர்கள் அவர்கள்தான்.

நிச்சயமில்லாத நாட்களுக்கென்று எல்லாரும் அனுப்புகிற வசனம் ஒன்று இருக்கிறது, உங்கள் வட்ஸ்அப்பிலும் பத்துத் தரம் வந்திருக்கும். எரேமியா 29:11, உங்களுக்கு நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கானவைகள் என்பது. பூப்படத்தோடு வரும். அதற்கு முந்தின வசனத்தைப் பூவில் போட்டு அனுப்பி நான் காணவில்லை: பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது. அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பெரியவர்கள் ஒருவரும் திரும்பி ஊர் காணமாட்டார்கள் என்பதுதான் அதன் கருத்து. அப்படியென்றால் அதுவரை என்ன செய்வது? அதையும் எரேமியா எழுதுகிறார், எனக்குப் பிடித்தது அதுதான்: வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தபோது என் மாமி முதல் கிழமையே நாலு மிளகாய்க்கன்று நட்டா. "நாளைக்கு எழும்பிப் போகவேண்டி வந்தால்?" என்று கேட்டேன். "போனால் வாற சனம் பிடுங்கித் தின்னட்டும்" என்றா. மாமிக்கு எரேமியா பாடமில்லை.

நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தை மாதம் வரை எதையும் தொடங்காமல் இருக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தில் ஒரு வாடை அடிக்கிறது. ஒப்பந்தம் தெரியட்டும், சம்பந்தம் தெரியட்டும், பிறகு பார்ப்போம் என்று. ஐந்து அறையில் மூன்று பூட்டிக் கிடக்கிறதா? ஒன்றைத் திறந்து ஒரு பல்கலைக்கழகப் பிள்ளைக்கு வாடகைக்குக் கொடுங்கள். அம்மாவுக்கும் பேச்சுத்துணை.

உடம்பையும் சொல்ல வேண்டும். எலியா தீர்க்கதரிசி ஒரு பெரிய வெற்றி கிடைத்த கையோடு ஓடிப்போய்ச் சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும், என் உயிரை எடும் என்றான். (சூரை என்றதும் எனக்குப் பற்றைக்குள் முள்ளுக் கிழிக்கக் கிழிக்க நாங்கள் பிடுங்கித் தின்ற கறுப்புப் பழம்தான் நினைவுக்கு வரும். அவனுடையது வேறு வனாந்தரச் செடி, பெயர் மட்டும் எங்கள் பற்றையுடையது.) தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. எழும்பிச் சாப்பிடு என்றான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரம் தண்ணீர். சாப்பிட்டுப் படுத்தான். மறுபடியும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். கடவுள் அவனோடு கதைத்தது அதற்கெல்லாம் பிறகு. நான் மட்டும்தான் மிஞ்சினேன் என்று அவன் முறையிட்டபோது, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்று கணக்கும் சொன்னார்.

நித்திரை வருகிறதா? சாப்பாடு இறங்குகிறதா? இரண்டு கிழமைக்கு மேலாக இரண்டும் குழம்பிக் கிடந்தால், செத்தால் நல்லது என்ற எண்ணம் தலை காட்டினால், ஜெபக்கூட்டத்துக்கு முதல் வைத்தியரிடம் போங்கள். எங்கள் ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்பது இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைக்கலாம். குளிசை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் சொன்னால், அவர் பிரஷர் குளிசை போடுகிறாரா என்று கேளுங்கள்.

என் கதையையும் ஒன்று சொல்கிறேன். என் கணவர் பின்னேரம் ஆறரைக்கு ஞானப்பாட்டு ஒன்று பாடுவார், பிறகு சங்கீதம், பிறகு ஜெபம். மழையோ கரண்ட் இல்லையோ, ஆறரை. அவர் போன பிறகு என்னால் அந்தப் புத்தகத்தைத் திறக்க முடியவில்லை. ஒரு வருஷத்துக்குக் கிட்ட. கோயிலுக்குப் போவேன், வருவேன், வீட்டில் ஒன்றும் இல்லை. மதிலுக்கு அங்கால் ஒரு சைவ ஆச்சி இருந்தா. ஒருநாள் முருங்கைக்காய் தர வந்தவ கேட்டா: "பிள்ளை, மாஸ்ரரோட பாட்டும் போயிட்டுதோ? உங்கட பாட்டுக் கேட்டால்தான் நான் சாமிக்கு விளக்கு வைக்கிறனான். இப்ப எனக்கு நேரம் பிடிபடுதில்லை."

சிரிப்பு வந்தது. ஆச்சி போன பிறகு அழுகை வந்தது. அன்று ஆறரைக்கு ஒரு சரணம் பாடினேன், குரல் நடுங்கி, சுருதி போய். கடவுளுக்காகப் பாடவில்லை. ஆச்சிக்கு நேரம் காட்டுவதற்காகப் பாடினேன். அடுத்த நாளும் அதற்காகத்தான். எத்தனை கிழமை அப்படிப் போனது, எந்த நாளில் அது திரும்பவும் ஜெபமானது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆச்சியும் போய்விட்டா. ஆறரை இன்னும் இருக்கிறது.

தனிமையை ஏகாந்தமாக மாற்றுங்கள் என்று சிலர் அழகாகச் சொல்வார்கள். அவசரப்பட்டு அதைப் பிடிக்காதீர்கள். யாழ்ப்பாணத்துத் தோலகட்டி என்றால் ஊரில் பலருக்கு நெல்லி கிறஷ் பானப் போத்தல்தான் தெரியும். ஆனால் 1928இல் தோமஸ் அடிகளார் அங்கே தொடங்கியது செபத்துக்கும் மௌனத்துக்குமான துறவற சபை. அந்த மௌனக்காரர்களே தனித்தனி வீட்டில் இருக்கவில்லை, ஒன்றாகத்தான் இருந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். தானாகத் தேடிப் போகிற ஏகாந்தம் வேறு, பிள்ளைகள் பறந்துபோன வீட்டில் பொழுதுபட லைற் போடுகிற தனிமை வேறு. இரண்டாவதற்கு மருந்து ஆட்கள்தான்.

அந்த ஆட்களை எப்படிக் கேட்பது என்றால், பவுலைப் பாருங்கள். சிறையில் இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தை நாங்கள் நல்ல போராட்டத்தைப் போராடினேன் என்ற இடத்தோடு நிறுத்திவிடுவோம், செத்தவீட்டுத் துண்டுப்பிரசுரத்தில் போடுவதற்கு. தொடர்ந்து வாசியுங்கள். தேமா என்னை விட்டுப் போய்விட்டான். லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான். முதல் விசாரணையில் எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள். துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கியை எடுத்துக்கொண்டு வா, புத்தகங்களையும் கொண்டு வா. கர்த்தர் எனக்குத் துணையாக நின்றார் என்றும் அதே மூச்சில் எழுதுகிறான். இரண்டும் அவனுக்கு ஒன்றையொன்று வெட்டவில்லை. கர்த்தர் நிற்கிறார்தானே, பிறகு எதற்கு மேலங்கி என்று அவன் யோசிக்கவில்லை. குளிர்கிறது, கேட்கிறான்.

நாங்கள் கேட்பதில்லை. ஞாயிறு பின்னேரம் கனடாவிலிருந்து அழைப்பு வரும். "எப்பிடி இருக்கிறியள்?" "ஓம், நல்லா இருக்கிறம். அங்க ஸ்னோவே?" ஐந்து நிமிஷம், முடிந்தது. அம்மாவும் அப்படியே சொல்வா, நீங்களும் சொல்வீர்கள், அண்ணாவும் தன் பக்கத்தில் அதையேதான் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அடுத்த அழைப்பில் ஒரே ஒருமுறை உண்மையைச் சொல்லுங்கள். தையோடு வேலை போகலாம் என்று, இரவில் வீடு பெரிதாகத் தெரிகிறது என்று. பவுல் அந்த நிருபத்தை முடிக்கிற இடத்தில், "மாரிகாலத்துக்குமுன்னே நீ வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு" என்கிறான். மாரிக்கு முன்னே வா என்று அண்ணாவுக்குச் சொல்ல முடியாவிட்டால், நத்தாருக்கு வா என்று சொல்லுங்கள். மார்கழி கிட்டக் கிட்ட ரிக்கெற் விலை ஏறிவிடும், ஆகவே இந்த ஞாயிறே சொன்னால் நல்லது.